1025 போக்கிமானையும் பிடிக்கணுமா? பிடிக்கிறதா இருந்தா எப்படின்னு சொல்லுகேன்

மக்கா, போன மாசம் லீவுக்கு வந்த அக்கா மக நின்டென்டோ ஸ்விட்ச் கேம் மெஷின கைல வச்சுகிட்டு வந்து "மாமா, இதுல எல்லாத்தையும் பிடிச்சா என்ன கிடைக்கும்?"னு கேட்டா. போக்கிமான் ஸ்கார்லெட் கேமோட கதைய முடிச்சிட்டா, டெக்ஸ் (பிடிச்ச போக்கிமான பதிவு பண்ற பட்டியல்) 400ல 213ல நிக்குது, மீதி 187ஐ தேடி அலையணுமா இல்ல வேற கேமுக்கு போயிரலாமாங்கது தான் அவ கேள்வி. நான் சும்மா "பிடி பிடி நல்லாருக்கும்"னு சொல்லிருக்கலாம், ஆனா இதுல 20 வருசமா கிடக்கிறவன் நான், பதில் அவ்வளவு ஈசி இல்லன்னு எனக்கு தெரியும். அவளுக்கு சாயா குடிச்சுகிட்டே ரெண்டு மணி நேரம் சொன்னத தான் இங்க எழுதுறேன்.

முதல்ல பதில். ஒரு கேமோட டெக்ஸ முழுசா முடிக்கிறதுக்கு கண்டிப்பா மதிப்பு இருக்கு, அதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது. எல்லா கேமும் சேர்த்து 1025ங்கிறது வேற விசயம். அதுல பெரும்பாலும் நீங்களே பிடிச்சதாவோ, உங்களுக்கு தெரிஞ்ச ஆள் கைல இருந்து வந்ததாவோ இருந்தா மட்டும் இறங்குங்க. முகம் தெரியாத ஆளுகள்ட்ட இருந்து வாங்கி வாங்கி கட்டத்த நிரப்புனா, முடிச்ச அன்னைக்கே சலிச்சிரும். எனக்கு ஒரு தடவ அப்படி சலிச்சிருக்கு, பின்னால சொல்லுகேன்.

ஏன் இத இவ்வளவு உறுதியா சொல்றேன்னா இந்த கேம் பிறந்த கதையே அது தான். சதோஷி தாஜிரி சின்ன வயசுல பூச்சி பிடிச்சு சேர்க்கிற பையன். கேம் பாய் ரெண்ட ஒரு கேபிள் போட்டு இணைக்கலாம்னு பாத்ததும் அந்த கேபிள் வழியா பூச்சி ஒரு மெஷின்ல இருந்து இன்னொண்ணுக்கு ஊர்ந்து போற மாதிரி அவருக்கு தோணிருக்கு, அங்க இருந்து தான் எல்லாம் ஆரம்பம். நாம தீப்பெட்டிக்குள்ள பொன்வண்ட போட்டு இலை வச்சு ஸ்கூலுக்கு கொண்டு போவோம்லா, பக்கத்து பெஞ்ச்காரன்ட்ட வேற கலர் வண்டு இருந்தா நம்மட்ட இருக்கிறத குடுத்து மாத்துவோம்லா, அதே தான். 1996 பிப்ரவரி 27ல ஜப்பான்ல ரெட், கிரீன்னு ரெண்டு வெர்ஷனா விட்டதே ஒரு ஆளால தனியா முடிக்க முடியக்கூடாதுங்கிறதுக்காக. 151ல சிலது ரெட்ல மட்டும், சிலது கிரீன்ல மட்டும். கடாப்ரா, மசோக், கிராவ்லர், ஹாண்டர் நாலும் வேற ஆள் கைக்கு போனா தான் எவால்வ் ஆகும், அதாவது அடுத்த உருவத்துக்கு மாறும். அப்ப டெக்ஸ முடிக்கணும்னா உங்களுக்கு ஒரு கூட்டுக்காரன் வேணும்.

எனக்கு கூட்டுக்காரனா அமைஞ்சது குளச்சல்ல இருந்த அத்தை மகன். நான் 8ஆம் கிளாஸ் படிக்கிறப்ப கல்ஃப்ல இருந்த சித்தப்பா லீவுக்கு வந்தப்ப எங்க ரெண்டு பேருக்கும் கேம் பாய் அட்வான்ஸ் வாங்கிட்டு வந்தாரு, பிள்ளைக அடிச்சுக்கக்கூடாதுன்னு கேமையும் வேற வேற கலரா எடுத்துட்டு வந்துட்டாரு, எனக்கு ரூபி, அவனுக்கு சஃபையர். அவருக்கு அதுல உள்ள வித்தியாசம் ஒண்ணும் தெரியாது. ஆனா அதனால தான் எங்களால முடிக்க முடிஞ்சுது. ரூபில ஸங்கூஸ், மாவைல், சீடாட் வரும், சஃபையர்ல செவைப்பர், சேபிளை, லோட்டாட். சனிக்கிழமை ஆனா தக்கலைல பஸ் ஏறி திங்கள்நகர் வழியா குளச்சல் போய் அத்தை வீட்டு திண்ணைல கேபிள் மாட்டி உக்காந்தா ராத்திரி மீன் கறியும் மரச்சீனி கிழங்கும் தின்னுட்டு அங்கயே படுத்துருவேன். கிளாம்பெர்ல்னு ஒரு சிப்பி உண்டு, அதுக்கு பல்லோ செதிலோ ஒண்ண பிடிக்க வச்சு ட்ரேட் பண்ணா தான் ஹண்டெயிலாவோ கோர்பிஸாவோ மாறும். கேம்ல ஸ்லேட்போர்ட்ங்கிற ஊர்ல ஸ்கேனர்னு ஒரு பொருள குடுத்தா அந்த ரெண்டுல ஒண்ணு தான் தருவாங்க. நான் பல்ல எடுத்தேன், அவன் செதில எடுத்தான். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி முடிவு பண்ணுனது. அவன் வளர்த்த கடாப்ராவ எனக்கு தந்தான், அது என் ஸ்க்ரீன்ல அலகசாமா மாறுச்சு, அதோட ஒரிஜினல் ட்ரெய்னர் (முதல்ல பிடிச்ச ஆளு) இடத்துல இன்னைக்கும் அவன் பேரு தான் இருக்கு. அந்த அலகசாம் இப்பவும் என்கிட்ட உண்டு. எப்படி வந்துச்சுங்கத பழைய கேம் பத்தி சொல்றப்ப சொல்லுகேன்.

அப்ப எண்ணிக்கை 386. 1999ல கோல்ட் சில்வரோட 251 ஆச்சு, 2002ல ரூபி சஃபையரோட 386, 2006ல 493, 2010ல 649, 2013ல 721, இப்படி ஏறி ஏறி ஸ்கார்லெட் வயலட்டும் அதோட டிஎல்சியும் (பின்னால வந்த கூடுதல் பகுதி) முடியறப்ப 1025. 2019 வரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்துச்சு, புது கேம் எது வந்தாலும் நம்ம பழசு எல்லாத்தையும் அதுக்குள்ள கொண்டு வந்துரலாம்னு. அந்த வருசம் ஜூன்ல ஸ்வோர்ட் ஷீல்டுக்கு எல்லாத்தையும் கொண்டு வர முடியாதுன்னு அதோட தயாரிப்பாளர் ஜூனிச்சி மசுடா சொன்னாரு, அது பெரிய சண்டையா ஆச்சு. எனக்கும் அப்ப வருத்தம் தான், இப்பவும் இருக்கு. 15 வருசம் சேர்த்ததுல பாதிய ஒரு கேம்லயும் இறக்க முடியாம ஹோம்ங்கிற ஆப்புக்குள்ள நிறுத்தி வைக்க வேண்டியதாயிட்டு. "இனி எல்லாத்தையும் பிடிச்சு என்னத்துக்கு"ன்னு கேக்கிறவங்க இதனால தான் கேக்காங்க, அது நியாயமான கேள்வி. அதனால தான் முதல்ல ஒரு கேம், அப்புறம் மீதின்னு சொல்லுகேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல்ல எத பிடிக்க போறோம்னு முடிவு பண்ணணும், மூணு வகை உண்டு, பலரு இத குழப்பிக்கிறாங்க. ஒண்ணு ஒரு கேமோட டெக்ஸ், பிடிச்சோ எவால்வ் பண்ணியோ ஒரு தடவ பதிவானா போதும், அப்புறம் நீங்க அத குடுத்துட்டாலும் கணக்குல இருக்கும். ரெண்டாவது ஹோம் ஆப்ல உள்ள நேஷனல் டெக்ஸ், அதுவும் பதிவு தான், ஆனா எல்லா கேமும் சேர்த்து. மூணாவது லிவிங் டெக்ஸ்னு சொல்றது, 1025ல ஒவ்வொண்ணும் ஒரே நேரத்துல உங்க பாக்ஸ்ல உயிரோட நிக்கணும். பல்பசார், ஐவிசார், வீனசார் மூணும் வேணும்னா மூணு பல்பசார் வேணும்னு அர்த்தம். முதல் வகைக்கும் மூணாவது வகைக்கும் உழைப்பு ஒண்ணுக்கு அஞ்சு மடங்கு வரும், என் அனுபவத்துல.

அக்கா மகட்ட இருக்கது ஸ்கார்லெட், அதனால அத வச்சே சொல்லுகேன். அந்த கேம் நடக்கிற பால்டியாவோட டெக்ஸ் 400. ஒவ்வொரு 10 பிடிக்கிறப்பவும் டெக்ஸ திறந்து பாத்தா ஏதாவது பரிசு எடுத்துக்கலாம், இத பலரு மறந்துட்டு போறாங்க, அந்த பரிசெல்லாம் வழியிலயே உதவும். 400ம் முடிச்சிட்டு அகாடமில பயாலஜி சார் ஜாக்ட்ட போனா ஷைனி சார்ம் தருவாரு. அது கைல இருந்தா காட்டுல ஷைனி (வேற நிறத்துல அபூர்வமா வர்ற போக்கிமான்) வர்ற வாய்ப்பு 4096ல ஒண்ணுங்கிறது கிட்டத்தட்ட 1365ல ஒண்ணு ஆகும். "என்ன கிடைக்கும்?"னு அவ கேட்டதுக்கு நேரான பதில் இது தான். ஆனா ஷைனி தேடுறதுல உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா இந்த சார்மால ஒரு பிரயோஜனமும் கிடையாது, அதையும் அவட்ட சொன்னேன்.

கதை முடிச்சப்புறம் மேப்ப துண்டு துண்டா எடுங்க. டெக்ஸ்ல இல்லாதது மேல வச்சு அது வாழுற இடத்த பாத்தா மேப்ல மஞ்சளா காட்டும், ஒரு நாளைக்கு ஒரு ஏரியான்னு போனா ரெண்டு மூணு வாரத்துல காட்டுல கிடைக்கிறது எல்லாம் முடிஞ்சிரும். டஸ்க் பால், குவிக் பால், டைமர் பால் இந்த மூணு வகை பந்தையும் நிறைய வாங்கி வச்சுக்கோங்க, முதல் டர்ன்லயே குவிக் பால் போட்டா பாதி வேலை அங்கயே தீரும். மண்ணுல குத்தி வச்சிருக்க முளைக்கட்டை நாலு கலர்ல இருக்கு, ஒரு கலருக்கு 8, மொத்தம் 32, ஒரு கலர்ல எட்டையும் பிடுங்குனா அந்த கலர் வாசல் திறந்து உள்ள ஒரு அபூர்வமான லெஜண்டரி போக்கிமான் நிக்கும். இத கதை ஓடுறப்பவே கண்ல பட்டதும் பிடுங்கிருங்க, கடைசில தேடுனா நாலு நாள் போயிரும்.

ஆளுகள நிறுத்துறது விசித்திரமா எவால்வ் ஆகுற கூட்டம் தான். பாமோ, பிராம்ப்ளின், ரெலர் மூணும் பந்துக்குள்ள இல்லாம வெளிய உங்களோட 1000 அடி நடக்கணும், அப்புறம் ஒரு லெவல் ஏத்தணும். பிரைம்ஏப் ரேஜ் ஃபிஸ்ட்ட 20 தடவ அடிக்கணும். பிஷார்ப்க்கு லீடர்ஸ் க்ரெஸ்ட் பிடிக்க வச்சு, அதே மாதிரி க்ரெஸ்ட் வச்சிருக்கிற மூணு பிஷார்ப்ப தோக்கடிக்கணும். கிம்மிகூலுக்கு 999 காசு, இது தான் நீளமானது, போற வழில எங்க சின்ன கிம்மிகூல் நின்னாலும் ஓடிப்போய் எடுத்துகிட்டே இருங்க, முதல் நாள்ல இருந்தே எடுத்தா கடைசில பாரமா இருக்காது. ஃபினிசென் குறைஞ்சது 38 லெவல் ஆகணும், அதுவும் யூனியன் சர்க்கிள்ல (மத்தவங்களோட சேர்ந்து ஆடுறது) இருக்கிறப்ப லெவல் ஏறுனா மட்டும் தான் மாறும். அக்கா மக ஃபினிசென்ன 60 லெவல் வரைக்கும் ஏத்திட்டு ஏன் மாறலன்னு புரியாம இருந்தா, பாவம்.

யூனியன் சர்க்கிள் தான் இந்த கேம்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விசயம். நாலு பேரு வரைக்கும் ஒரே உலகத்துல சேர்ந்து சுத்தலாம், சேர்றது இன்னொரு வெர்ஷன்காரனோட உலகம்னா அந்த வெர்ஷன்ல மட்டும் வர்றத நீங்களே பந்து போட்டு பிடிக்கலாம். ஸ்கார்லெட்ல லார்விடார், வயலட்ல பேகான். ட்ரேடே தேவை இல்ல, அவன் உலகத்துல போய் நீயே பிடி, ட்ரெய்னர் பேரும் உன் பேரு தான் வரும். இதுக்கு நெட்டும் வேண்டாம், ஆன்லைன் சந்தாவும் வேண்டாம், ரெண்டு ஸ்விட்ச் பக்கத்துல பக்கத்துல இருந்தா லோக்கல்லயே ஓடும். நம்ம பக்கம் இடவம் மழைக்கும் துலாம் மழைக்கும் கரன்ட் போயி ரௌட்டர் செத்து கிடக்கும், அப்பவும் ரெண்டு பேரு வராந்தால உக்காந்து ஆடலாம். கூட்டுக்காரன் இல்லன்னா டெக்ஸ ஆரம்பிக்கிறதுக்கு முன்னால அவனத்தான் முதல்ல தேடணும். ஸ்கூல்ல கேளுங்க, ட்யூஷன்ல கேளுங்க, மார்த்தாண்டம் நாகர்கோவில் பக்கம் ஸ்விட்ச் வச்சிருக்க பிள்ளைக நாம நினைக்கிறத விட கூட தான்.

ஆர்மரூஜ் செருலெட்ஜ் விசயத்துல மட்டும் கவனம். ரெண்டும் சார்கடெட்ல இருந்து தான் வரும், ஆனா ஸ்கார்லெட்ல ஸப்பாபிகோ ஊர்ல உள்ள ஆள்ட்ட பிரான்ஸார் துண்டு 10 குடுத்தா ஒரு கவசம், வயலட்ல சினிஸ்டீ துண்டு 10 குடுத்தா இன்னொரு கவசம். அதனால ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கவசம் கூடுதலா வாங்கி, ஒரு சார்கடெட்ட பிடிக்க வச்சு மாத்திக்கோங்க. ஸ்டார்ட்டர் மூணும் இதே மாதிரி, நீங்க எடுத்தத டிட்டோவோட பிக்னிக்ல விட்டு முட்டை எடுத்து குடுத்தா மத்த ரெண்டும் கூட்டுக்காரங்கள்ட்ட இருந்து வந்துரும். டிட்டோ வேற போக்கிமான் வேசத்துல நிக்கும், வெஸ்ட் ப்ராவின்ஸ் ஏரியா ரெண்டுல தேடுங்க.

தனியா தான் ஆடுவேன், கூட யாரும் இல்லங்கிறவங்களுக்கு என்ன சொல்லுவேன்னா லெஜண்ட்ஸ் ஆர்சியஸ் எடுங்க. 2022 ஜனவரில வந்தது. ஒரே வெர்ஷன், அதனால யாரையும் எதிர்பாக்க வேண்டாம். ட்ரேட் பண்ணா தான் மாறும்ங்கிறதுக்கெல்லாம் லிங்கிங் கார்டுன்னு ஒரு பொருள் வச்சிட்டாங்க, அத குடுத்தா கடாப்ரா உங்க கைலயே அலகசாம் ஆயிரும். ஹிசுய் டெக்ஸ் 242, அதுல ஷேமின், டார்க்ரை ரெண்டும் கணக்குல வராது, மீதிய பிடிச்சு முடிச்சா தான் ஆர்சியஸ் உங்க முன்னால வரும். அதாவது சேர்க்கிறது தான் கதையோட முடிவுக்கே வாசல். இந்த சீரிஸ்ல சேர்க்கிற வேலைக்கு இவ்வளவு மரியாத குடுத்த கேம் வேற இல்லன்னு நான் நினைக்கேன். ஸ்பிரிட்டோம்புக்கு மட்டும் 107 சின்ன நெருப்பு தேடணும், ராத்திரில தான் கண்ணுக்கு நல்லா தெரியும், கதை ஓடுறப்பவே கண்ட இடத்துல எடுத்துட்டு போங்க.

இனி 1025 பத்தி. இதுக்கு ஹோம் ஆப் வேணும், 2020 பிப்ரவரில வந்தது. ஃப்ரீயா 30 போக்கிமான் தான் வைக்கலாம், காசு கட்டுனா 6000. ஒரு மாசத்துக்கு 2.99 டாலர், மூணு மாசத்துக்கு 4.99, ஒரு வருசத்துக்கு 15.99. உடனே வருசத்துக்கு கட்டிராதீங்க. முதல்ல ஒவ்வொரு கேம்லயும் அந்தந்த கேம் பாக்ஸ்லயே அடுக்குங்க, ஸ்கார்லெட்லயும் ஸ்வோர்ட்லயும் 32 பாக்ஸ், ஒண்ணுல 30, மொத்தம் 960 இடம் இருக்கு. எல்லாம் தயாரானப்புறம் காச கட்டி ஒரே மூச்சுல ஏத்துங்க. காசு நின்னா முதல் 30 போக மத்தத தொட முடியாது, அதனால லிவிங் டெக்ஸ ஹோம்ல வச்சா அத எப்பவும் பாக்கணும்னா எப்பவும் காசு கட்டணும். இது எனக்கு பிடிக்காத விசயம், தெளிவா தெரிஞ்சுகிட்டு இறங்குங்க.

ஃப்ரீ கணக்குலயே நிறைய செய்யலாம்ங்கிறது பலருக்கு தெரியாது. போன்ல உள்ள ஹோம்ல ஜிடிஎஸ்னு ஒண்ணு இருக்கு, உங்கள்ட்ட இருக்க ஒண்ண வச்சு எனக்கு இது வேணும்னு போட்டா உலகத்துல யாராவது மாத்திப்பாங்க, ஃப்ரீல ஒரு நேரத்துல ஒண்ணு போடலாம், காசு கட்டுனா மூணு. இதுக்கு ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா கூட வேண்டாம். சிலரு லெவல் 1ல ஒரு லெஜண்டரி வேணும்னு கேட்டு வச்சிருப்பாங்க, அந்த லெவல்ல அது கிடைக்கவே கிடைக்காது, அத பாத்து நம்மட்ட இல்லையேன்னு கவலப்படாதீங்க. அப்புறம் ட்ரெய்னர் பேரு இருக்க இடத்துல ஏதாவது வெப்சைட் பேரு எழுதிருந்தா, எல்லா ஸ்டாட்டும் முழுசா ஷைனியா கேட்டவங்களுக்கெல்லாம் சும்மா குடுத்தா, அது யாரோ கம்ப்யூட்டர்ல உண்டாக்குனது. நான் வாங்க மாட்டேன்.

சலிச்சதுன்னு சொன்னேன்லா, அது இங்க தான். 2021 லாக்டவுன்ல வீட்டுக்குள்ள கிடந்தப்ப ஜிடிஎஸ்லயே ராப்பகலா உக்காந்து 300க்கு மேல வாங்குனேன். ஒரு வாரத்துல பாக்ஸ் எல்லாம் நிறைஞ்சுது. ஒண்ணு மேல கைய வச்சு பாத்தா யாரு பிடிச்சா, எங்க பிடிச்சா ஒண்ணும் எனக்கு தெரியல, ஜப்பான்காரன் பேரு, ஜெர்மன்காரன் பேரு. பக்கத்து பாக்ஸ்ல அத்தை மகன் பேரு போட்ட அலகசாம் நிக்குது. அத பாத்தா திண்ணை ஞாபகம் வருது, மீன் கறி வாசம் வருது, மத்த 300ஐயும் பாத்தா எதுவும் வரல. பைய பைய அந்த 300ல 240 வரைக்கும் நானே பிடிச்சு மாத்திட்டேன், வாங்குனத எல்லாம் வொண்டர் பாக்ஸ்ல போட்டு யாருக்காவது போகட்டும்னு விட்டேன். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. அந்த ஒரு வருசம் தான் நான் இந்த கேம்ல சந்தோசமா இருந்த காலம்.

ஜிடிஎஸ்ஸ தொடவே கூடாதுன்னு சொல்லல கேட்டியளா. நாலஞ்சு நிக்குது, எந்த வழிலயும் கிடைக்கல, கூட்டுக்காரனுக்கும் வெர்ஷன் இல்லன்னா வாங்கிக்கோங்க, நூறுல அஞ்சு பத்துன்னா பரவால்ல.

எந்த கேம் எதுக்குன்னு கேட்டா: லெட்ஸ் கோ பழைய 151க்கும் மெல்டன் மெல்மெட்டலுக்கும், ப்ரில்லியண்ட் டைமண்ட் ஷைனிங் பேர்ல் ஜோடி 493 வரைக்கும், மீதில பெரும்பாலானதுக்கு ஸ்வோர்ட் ஷீல்டும் ஸ்கார்லெட் வயலட்டும் டிஎல்சியோட. எல்லாத்தையும் காசு குடுத்து வாங்காதீங்க, தேவையும் இல்ல. ரெண்டு பேரு சேர்ந்து ஆளுக்கு ஒரு வெர்ஷன் வாங்குங்க, முடிச்சதும் மாத்தி ஆடுங்க. கேம் விக்கிற முன்னாடி உள்ள இருக்கதெல்லாம் ஹோமுக்கு ஏத்திட்டு விக்கணும், இது மட்டும் மறக்கக்கூடாது.

போன வச்சு ரோட்டுல நடந்து பிடிக்கிற போக்கிமான் கோ கேம சின்னதா நினைக்காதீங்க. 2016 டிசம்பர்ல இந்தியாவுக்கு வந்தது, 2020 நவம்பர்ல இருந்து அதுல பிடிச்சத ஹோமுக்கு அனுப்பலாம், போனது திரும்பி வராது, ஒரு தடவ அனுப்புனா சார்ஜ் ஏறுற வரைக்கும் காத்திருக்கணும், அவ்வளவு தான். கேம்கள்ல கிடைக்காம நிக்கிற பழைய ஆளுக நிறைய பேரு இதுல சும்மா ரோட்டுல நிப்பாங்க. நம்ம இருக்க இடத்துக்கும் ஒரு விலை உண்டு, டார்க்கோல் நம்ம தெற்காசியா பக்கம் தான் வரும், பான்சியர் இந்தியாவுல வரும், கோர்சோலா வெப்ப நாட்டு கடற்கரையோரம். வெளிநாட்டுக்காரன் இதுக்கெல்லாம் ஆசையா ட்ரேட் பண்ணுவான். எங்க ஊர் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள்ள ஒரு போக்கிஸ்டாப்பும் (அந்த கேம்ல பொருள் எடுக்கிற இடம்) கிடையாது, நான் சாயங்காலம் முட்டம் போனா, இல்ல ஞாயித்துக்கிழமை கன்னியாகுமரி போனா தான் பிடிப்பேன். அக்கா மகளையும் கூட்டிட்டு போனேன், கடற்கரைல நடந்துகிட்டே ஒரு கோர்சோலா பிடிச்சா, அத ஹோமுக்கு அனுப்புன பிறகு பேர தொட்டு பாத்துகிட்டே இருந்தா.

பழைய கேம் வச்சிருக்கவங்க இத கவனமா படிங்க, இது தள்ளிப்போடுற விசயம் இல்ல. கேம் பாய் அட்வான்ஸ்ல இருக்கது மேல வர்ற வழி ஒரே வழி தான், திரும்பவும் போக முடியாது. என் அலகசாம் முதல்ல பால் பார்க்ங்கிற வழியா பிளாட்டினம் கேமுக்கு வந்துச்சு, அதுக்கு அடில அட்வான்ஸ் கேட்ரிட்ஜ் போடுற ஓட்டை உள்ள பழைய டிஎஸ் இல்ல டிஎஸ் லைட் வேணும், டிஎஸ்ஐல அது கிடையாது, ஒரு தடவைக்கு 6 தான், ஹெச்எம் மூவ் தெரிஞ்சிருந்தா வராது, முதல்ல மறக்க வைக்கணும். அங்க இருந்து ஒயிட் கேமுக்கு, அதுக்கு ரெண்டு டிஎஸ் ஒரே நேரத்துல வேணும், நாகர்கோவில்ல காலேஜ் கூட்டுக்காரன்ட்ட ஒண்ணு இருந்துச்சு, வடசேரி பஸ் ஸ்டாண்ட்ல பெஞ்ச்ல உக்காந்து மாத்துனோம். ஒயிட்ல இருந்து 3டிஎஸ்ல போக்கி டிரான்ஸ்போர்ட்டர்ங்கிற ஆப், அது முதல் பாக்ஸ்ல இருக்க 30ஐ மட்டும் எடுக்கும், அப்புறம் போக்கிமான் பேங்க்ங்கிற ஆப், அங்க இருந்து ஹோம். 3டிஎஸ் ஆன்லைன் கடைய 2023 மார்ச் 27ல மூடிட்டாங்க, அதுக்கு முன்னால பேங்க்க இறக்கி வைக்காத மெஷின்ல இனி அத புதுசா இறக்க முடியாது. 2024 ஏப்ரல்ல 3டிஎஸ் ஆன்லைனையும் நிறுத்திட்டாங்க, பேங்க்க மட்டும் விட்டு வச்சிருக்காங்க. உங்க 3டிஎஸ்ல அது இருந்தா இந்த வாரமே உக்காந்து எல்லாத்தையும் ஏத்திருங்க, நாளைக்கு நாளைக்குன்னு விட்டா ஒரு நாள் அந்த கதவும் மூடிரும்.

கேட்ரிட்ஜ் விசயமும் ஒண்ணு சொல்லணும். கோல்ட் சில்வர் மாதிரி பழசுல சேவ் ஃபைல் உள்ள இருக்க சின்ன பேட்டரில தான் நிக்குது, அது தீந்தா சேவ் போயிரும். ரூபி சஃபையர்ல பேட்டரி தீந்தா கடிகாரம் தான் நிக்கும், சேவ் போகாது, அதனால பயப்படாதீங்க. ஆனா டூப்ளிகேட் கேட்ரிட்ஜ் எத நம்பியும் மாசக்கணக்கா உழைக்காதீங்க, நான் ஒரு கடைல ஒரிஜினல்னு சொல்லி வாங்குன எமரால்ட்ல 180 வரைக்கும் பிடிச்சிருந்தேன், ஒரு நாள் ஆன் பண்ணா நியூ கேம் மட்டும் தான் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

எத விடலாம்னு கேட்டா, எல்லாத்தையும் ஷைனியா சேர்க்கிறது, எல்லா உருவத்தையும் சேர்க்கிறது, ரெண்டும் வேண்டாம், வேலையும் பிள்ளையும் உள்ள ஆளுக்கு அது முடியற காரியம் இல்ல. மியூ மாதிரி மித்திக்கல் வகைய காசு குடுத்து வாங்காதீங்க, ஈவன்ட் வர்றப்ப எடுத்தா எடுத்தது, இல்லன்னா அந்த கட்டம் காலியா இருக்கட்டும். முதல் கேம்லயே மியூ இல்லாம 150 பிடிச்சா போதும்னு தான் வச்சாங்க.

அடுக்குற முறை: நம்பர் வரிசைல 30 30ஆ வைங்க, 34 பாக்ஸ் நிறையும், 35ல அஞ்சு நிக்கும், ரேஜிங் போல்ட்ல இருந்து பெச்சாரண்ட் வரைக்கும். கிடைக்காத இடத்த காலியா விட்டு வைங்க, நெருக்கி வச்சா அப்புறம் 700 தடவ நகட்டணும். ஹோம்ல மாத்துறப்ப வெளிய வர்றதுக்கு முன்னால சேவ் குடுக்க மறக்காதீங்க, மழை நேரம்னா போன் ஹாட்ஸ்பாட்ல மட்டும் செய்யுங்க. இதோட ஒரு 200 பக்க நோட்டும் வைங்க, எந்த கேம், எந்த தேதி, யாரு குடுத்தா, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி. என் நோட்டுல நம்பர் 63ல இருந்து 65 வரைக்கும் (அலகசாம் வகை) உள்ள பக்கத்துல குளச்சல் பஸ் டிக்கெட் ஒண்ணு ஒட்டிருக்கேன்.

அத்தை மகன் இப்ப கல்ஃப்ல டிரைவரா இருக்கான், அவனுக்கு கேம் ஞாபகமே இல்லன்னு நினைச்சேன். போன வாரம் அந்த அலகசாம் படத்த அவனுக்கு அனுப்புனேன், பேரு தெரியற மாதிரி. "லேய், இது இன்னும் உண்டா?"ன்னு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, அடுத்த லீவுக்கு வர்றப்ப வயலட் வாங்கிட்டு வாறானாம். அது வரைக்கும் அக்கா மக 213ல இருந்து 281 வரைக்கும் வந்துட்டா, பேகான மட்டும் அவனுக்காக விட்டு வச்சிருக்கா.